லைட்டு எரியுது சார், லைன் ஓகே சார்!

அம்பத்தூர் எஸ்டேட். மாதம் எதுவானாலும் சரி, தேதி 20. லேத், டிரில்லிங், வெல்டிங் என்று சத்தத்துக்குக் குறைவில்லாத ஒரு சின்னப் பட்டறை. மாடியில் ஒரு கண்ணாடி ரூம், அதில் ஒரு கம்ப்யூட்டர், அதன் முன்னால் கணக்கு எழுதும் பையன். ஜிஎஸ்டிஆர்-3பி போட இன்றுதான் கடைசி நாள். தவறினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், கட்ட வேண்டிய வரிக்கு 18% வட்டி. பக்கம் சுற்றுகிறது, சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது...

"அண்ணே, நெட் ரொம்ப ஸ்லோ. காலையிலேர்ந்து இப்படித்தான்."

"பாக்ஸ்ல லைட்டு எரியுதா தம்பி?"

"எரியுதுண்ணே."

"அப்ப லைன் ஓகே. உங்க சிஸ்டத்துலதான் வைரஸ் இருக்கும். ஃபார்மட் அடிச்சிடுங்க."

போன் கட்!

இந்த உரையாடல் ஒரு பட்டறைக்குச் சொந்தமானது கிடையாது. பாடியில் ஆரம்பித்து ஆவடி, பட்டாபிராம் வரைக்கும், அந்தப் பக்கம் பூந்தமல்லி டிரங்க் ரோடு வரைக்கும், எந்தக் கடையில் கேட்டாலும் இதே வசனம்தான் கிடைக்கும். 20ஆம் தேதி போர்ட்டலே கொஞ்சம் திணறும் என்பது உண்மை. அந்த உண்மைதான் லைன்காரருக்கு வசதியான போர்வை. ஆனால் மாதத்தின் மற்ற 29 நாட்களும் அதே பக்கம் அதே மாதிரி சுற்றினால் அதற்கு என்ன பெயர் வைப்பது?

மேட்டர் என்னவென்றால், உண்மை என்ன என்று அந்த ரூமில் இருக்கும் ஒரு பொருளுக்குத் தெரியும். அது லைன்காரரும் இல்லை, கணக்கு எழுதும் பையனும் இல்லை. கம்ப்யூட்டரின் முதுகில் வயர் சொருகியிருக்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கும் ஈதர்நெட் சிப். வந்த ஒவ்வொரு ஃபிரேமையும் அது சோதித்திருக்கிறது, கெட்டதைத் தூக்கிப் போட்டிருக்கிறது, எத்தனை போட்டோம் என்று எண்ணியும் வைத்திருக்கிறது. கேட்கத்தான் ஆள் இல்லை.

முதலில், அந்த லைட்டு எதைச் சொல்கிறது?

எதிர்முனையில் ஒரு கருவி உயிரோடு இருக்கிறது, அதன் சிக்னல் வந்து சேர்கிறது. அவ்வளவுதான். வாசலில் தபால்காரர் நிற்கிறார் என்று சொல்வது போல. அவர் கையில் இருக்கும் கடிதம் மழையில் நனைந்து எழுத்து கரைந்திருக்கிறதா என்பதைப் பற்றி லைட்டுக்கு ஒரு அபிப்பிராயமும் கிடையாது. கெட்ட ஃபிரேம் வந்தாலும் பல கருவிகளில் அந்த லைட்டு சந்தோஷமாகக் கண்ணடிக்கும்.

சிப் செய்யும் வேலை வேறு ரகம். அது ஒரு சோதனையோடு நிற்பதில்லை.

முதல் சோதனை வயரில் வரும் சிக்னலிலேயே நடக்கிறது. 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட்டில் ஒவ்வொரு 4 பிட்டும் 5 பிட் குறியீடாக மாற்றப்பட்டுத்தான் அனுப்பப்படுகிறது. 5 பிட்டில் 32 வகை சாத்தியம். அதில் 16 மட்டுமே தகவலுக்கு. இன்னும் சில ஆரம்பம், முடிவு போன்ற அடையாளங்களுக்கு. மிச்சமிருப்பவை வரவே கூடாதவை. வந்தால் வழியில் ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம். சிக்னலைப் படிக்கும் பகுதி உடனே அடுத்த பகுதிக்கு "இது கெட்டது" என்று தனிக் கம்பி வழியாகச் சொல்லிவிடும்.

இரண்டாவது, அளவு. முகவரி முதல் கடைசி சோதனை எண் வரை ஒரு ஃபிரேம் 64 பைட்டுக்குக் குறையக் கூடாது, 1518ஐத் தாண்டக் கூடாது (விலான் முத்திரை இருந்தால் 1522). குறைந்தால் அதற்கு ரண்ட் என்று பெயர், தாண்டினால் ஜயன்ட். முழு பைட்டாக முடியாமல் பாதியில் தொங்கினால், அது அலைன்மென்ட் பிழை.

மூன்றாவதுதான் ஹீரோ. ஃபிரேமின் வாலில் 4 பைட் நீளத்துக்கு ஒட்டியிருக்கும் எஃப்சிஎஸ். அனுப்புகிறவர் மொத்த ஃபிரேமையும் ஒரு ராட்சத எண்ணாக எடுத்துக்கொண்டு, எல்லாருக்கும் தெரிந்த ஒரு வகுக்கும் எண்ணால் வகுத்து, மீதியை வாலில் எழுதி அனுப்புகிறார். வாங்குகிறவர் அதே வகுத்தலைச் செய்து பார்க்கிறார். ஒத்துப்போனால் உள்ளே, இல்லாவிட்டால் குப்பை. இதற்கு சிஆர்சி என்று பெயர். 1961இல் வெஸ்லி பீட்டர்சன் என்ற கணித அறிஞர் எழுதிய வழி.

பி.காம். படிக்கும் யாருக்கும் இதன் ஏழைச் சொந்தக்காரரைத் தெரியும். டிரையல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை, வித்தியாசம் 9ஆல் வகுபடுகிறது என்றால் எங்கோ 54ஐ 45 என்று மாற்றி எழுதியிருக்கலாம் என்று தேடுவார்களே, அந்த வித்தைதான். ஆனால் 9 வைத்துப் பெருக்கலைச் சரிபார்க்கும் பழைய முறைக்கு இலக்கம் இடம் மாறினால் கண் தெரியாது. 54க்கும் 45க்கும் மீதி ஒன்றே. 32 பிட் சிஆர்சிக்கு அந்தக் குருட்டுத்தனம் இல்லை. சாதாரண அளவு ஃபிரேமில் ஒரு பிட் மாறினாலும், இரண்டு மாறினாலும், மூன்று மாறினாலும் கண்டிப்பாகப் பிடித்துவிடும். தொடர்ச்சியாக 32 பிட் வரை நாசமானாலும் பிடிக்கும். அதற்கு மேல் கன்னாபின்னாவென்று சிதைந்த ஃபிரேம்களில் தப்பித்துப் போக வாய்ப்பு சுமார் 429 கோடியில் 1.

இத்தனையும் ஃபிரேம் வந்துகொண்டிருக்கும்போதே, சிப்புக்குள்ளேயே நடந்து முடிந்துவிடும். கம்ப்யூட்டரின் மூளைக்கு விஷயமே தெரியாது. 2000களில் ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய மலிவான கார்டுகள் பலவற்றில் இருந்த ரியல்டெக் 8139 சிப் கூட இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தது. ரண்டுகளையும் பிழை ஃபிரேம்களையும் காட்டித்தான் ஆக வேண்டும் என்று ஒரு டிரைவர் அடம்பிடித்தால், அதற்கென்றே இரண்டு தனி பிட்கள் அந்தச் சிப்பில் உண்டு. வழக்கமாக அவை அணைத்தே இருக்கும். சில நூறு ரூபாய் கார்டின் நேர்மை அது!

திருத்தக் கூடாதா? ஏன் தூக்கிப் போட வேண்டும்?

இங்கே ஒரு கோஷ்டி வரும். "இவ்வளவு புத்திசாலியான சிப், கெட்ட ஃபிரேமைத் திருத்தி அனுப்பலாமே? குறைந்தபட்சம் அனுப்பியவரிடம் 'மறுபடி அனுப்பு' என்றாவது சொல்லலாமே? சத்தமே இல்லாமல் தூக்கிப் போடுவது என்ன நியாயம்?"

நியாயம்தான். கெட்டுப்போன ஃபிரேமில் எந்த பிட் கெட்டது என்று இந்த 4 பைட் சொல்லாது. கெட்டது முகவரியாகவே இருக்கலாம். அனுப்பியவர் முகவரியே சந்தேகம் என்றால் யாரிடம் போய் "மறுபடி அனுப்பு" என்று கேட்பது? நனைந்த கடிதத்தில் அனுப்புநர் விலாசம் படிக்க முடியாதபோது, ஊகித்து ஒரு விலாசம் எழுதித் திருப்பி அனுப்பும் தபால்காரர் நல்லவரா, ஆபத்தானவரா?

டேலி ஆகாத கணக்கை என்ன செய்வது என்று முதல் வருஷப் பையனைக் கேளுங்கள். "சஸ்பென்ஸ் அக்கவுன்ட்ல போட்டுடலாம்" என்பான். ஈதர்நெட்டில் சஸ்பென்ஸ் அக்கவுன்ட் கிடையாது. சந்தேகமானது உள்ளே வராது, முடிந்தது கதை. சிடிஎஸ் காசோலையில் தொகையை அடித்துத் திருத்தினால் செல்லாது, புதுக் காசோலை எழுது என்று வங்கிகள் சொல்வதும் இதே புத்திதான். திருத்தப்பட்ட பொய்யை விட, வராமல் போன உண்மை மேல்.

இன்னொரு நன்மையும் உண்டு. இப்போதுள்ள சாதாரண ஸ்விட்சுகள் ஒரு ஃபிரேமை முழுதாக வாங்கி, சோதித்து, நல்லதை மட்டுமே அடுத்த வயருக்குக் கடத்துகின்றன. ஆகவே ஒரு முனையில் சிஆர்சி பிழை எண்ணிக்கை ஏறுகிறது என்றால், குற்றவாளி அந்த ஒரு வயரும் அதன் இரண்டு முனைகளும்தான். வேறெங்கும் தேட வேண்டாம். பழைய ஹப்புகளுக்கு இந்த யோக்கியதை இல்லை. கெட்டதையும் அப்படியே எல்லாருக்கும் பரப்பும். முகவரியைப் படித்த உடனேயே ஃபிரேமை அனுப்ப ஆரம்பிக்கும் கட்-த்ரூ ஸ்விட்சுகளிலும் கெட்டது வழிந்து போகும், ஏனென்றால் சோதனை எண் வாலில் இருக்கிறது, தலை ஏற்கெனவே போய்விட்டது. சாதாரண ஸ்விட்ச் செய்யும் அந்தச் சிறு தாமதம்தான் தவறு நடந்த இடத்தைக் காட்டிக் கொடுக்கிறது. இவ்வளவு சுலபமாகக் குற்றவாளியைக் கைகாட்டும் ஒரு சாட்சியை வைத்துக்கொண்டு, "வைரஸ் இருக்கும்" என்று சொல்வதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும்!

"அதான் டிசிபி பாத்துக்குமே!"

விஷயம் தெரிந்தவர்களின் சப்பைக்கட்டு இது. ஈதர்நெட் தூக்கிப் போட்டாலும், மேலே இருக்கும் டிசிபி வராததைக் கவனித்து மறுபடி அனுப்ப வைக்கும், கடைசியில் எல்லாம் வந்து சேரும் என்பார்கள். வந்து சேரும். எப்போது?

டிசிபிக்கு ஒரு பழக்கம் உண்டு. பாக்கெட் காணாமல் போனால், "வழியில் நெரிசல் போல" என்று நினைத்து வேகத்தைக் குறைக்கும். திருமங்கலம் சிக்னல் நெரிசலுக்கு அது சரியான வைத்தியம். கிரிம்பிங் சரியில்லாத வயருக்கு அது தவறான வைத்தியம். மாத்திஸ் முதலானோர் 1997இல் தந்த கணக்குப்படி, 100 பாக்கெட்டில் 1 தொலைந்து, போய்வரும் நேரம் 50 மில்லிசெகண்ட் என்றால், பழைய வகை டிசிபியில் ஒரு இணைப்பு 3 எம்பிபிஎஸ்ஸைக் கூடத் தொடாது. வயர் 100 எம்பிபிஎஸ். பில்லும் 100க்குத்தான். கிடைப்பது 3! இன்றைய சிஸ்டம்கள் இன்னும் சாமர்த்தியமாகச் சமாளிக்கும் என்றாலும் அடி அடிதான்.

டிசிபி இல்லாத இடங்களும் நிறைய. இன்டர்நெட் போன் பேச்சில் போனது போனதுதான், மறுபடி கேட்க நேரம் கிடையாது. சிசிடிவி கேமராக்கள் பலவும் அப்படித்தான். தெருமுனை கேமராவில் வண்டி நம்பர் வரும் நேரம் பார்த்துப் படம் கட்டம் கட்டமாக உடைந்தால், அப்போது எந்த டிசிபி வந்து பார்த்துக்கொள்ளும்?

எட்டு லைட் டெஸ்டர் என்னும் பொய் சாட்சி

லைன்காரர் நேரில் வந்தால் இன்னொரு நாடகம் நடக்கும். சட்டைப் பையிலிருந்து சின்ன டெஸ்டரை எடுப்பார். இரண்டு முனையிலும் சொருகுவார். 1 முதல் 8 வரை பச்சை லைட்டு வரிசையாக எரியும். "பாத்துக்கோங்க சார்!"

அந்த டெஸ்டர் கம்பி அறுந்திருக்கிறதா, இடம் மாறியிருக்கிறதா என்பதை மட்டுமே சொல்லும். ஈதர்நெட் வயருக்குள் இருக்கும் 8 கம்பிகளும் நான்கு ஜோடிகளாக முறுக்கப்பட்டிருப்பது அழகுக்காக இல்லை. ஒரு ஜோடியின் இரண்டு கம்பிகளிலும் ஒரே சிக்னல் எதிரெதிராக ஓடும். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் சமமாக விழும், வித்தியாசம் எடுக்கும்போது அடிபட்டுப் போகும். முறுக்குதான் வயரின் கவசம்.

கனெக்டரில் 1-2 ஒரு ஜோடி, 3-6 இன்னொரு ஜோடி. அதனால்தான் ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பிரவுன் வெள்ளை, பிரவுன் என்று கோணல் மாணலான வரிசை. "எதுக்கு இந்தத் தொல்லை, ரெண்டு பக்கமும் ஒரே வரிசையா அடிச்சா போதும்" என்று ஜோடி ஜோடியாக நேராக அடித்துவிட்டால், 3ஆம் கம்பி ஒரு ஜோடியிலும் 6ஆம் கம்பி வேறு ஜோடியிலும் போய்விடும். கவசம் போச்சு. டெஸ்டரில் எட்டு லைட்டும் எரியும். 10 எம்பிபிஎஸ்ஸில் சின்ன தூரத்துக்கு வேலையும் செய்யும். 100இல் சிஆர்சி பிழைகள் கொட்டும். பக்கத்தில் வெல்டிங் மெஷின் ஓடினால் கேட்கவே வேண்டாம்.

இது ஒன்று மட்டும் என்றால் பரவாயில்லை. தாமிரம் என்று சொல்லி, அலுமினியத்துக்கு மேல் தாமிரம் பூசிய வயர். 100 மீட்டர் உச்சவரம்பை மதிக்காமல் நாலு மொட்டை மாடி தாண்டி இழுப்பது. வெயிலில் வெடித்து, மழையில் துருப்பிடித்த கனெக்டர். "ஸ்பீட் ஏத்தித் தர்றேன்" என்று ஒரு முனையை மட்டும் ஃபுல் டூப்ளெக்ஸ் என்று கட்டாயப்படுத்துவது, மறுமுனை விஷயம் தெரியாமல் ஹாஃபுக்கு இறங்குவது, பிறகு ஃபுல் பக்கம் ரண்டும் சிஆர்சி பிழையும், ஹாஃப் பக்கம் தாமதமான மோதல்களும் என்று இரண்டு பக்கமும் அழுவது. 2000களில் கேபிள் டிவி ஆபரேட்டர்கள் மாடிக்கு மாடி ஈதர்நெட் வயர் இழுத்து நெட் கொடுத்த காலத்திலிருந்து இந்தப் பட்டியல் பெரிதாக மாறவில்லை.

"இப்பல்லாம் ஃபைபர் சார்!" என்பது கடைசி அஸ்திரம். ஃபைபர் எதுவரை? பல அடுக்குமாடிகளில் படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் பெட்டி வரை. அங்கிருந்து வீட்டுக்குத் தாமிர ஈதர்நெட். வீட்டுக்குள்ளேயே ஃபைபர் வந்தாலும், பாக்ஸிலிருந்து மேஜை வரை அதே நீல வயர், அதே அவசர கிரிம்பிங்.

சிஆர்சி தெய்வமும் இல்லை

நியாயமாகப் பேசினால் இதையும் சொல்ல வேண்டும். சிஆர்சி வயருக்கு மட்டுமே ஆடிட்டர், குடோனுக்கு இல்லை. ஒவ்வொரு ரவுட்டரிலும் பழைய சோதனை எண் கழற்றப்பட்டுப் புதிதாக ஒன்று எழுதப்படுகிறது. நடுவில் ரவுட்டரின் நினைவகத்தில் ஒரு பிட் மாறினால், மாறிய தகவலுக்கே அழகான புதுச் சான்றிதழ் கிடைத்துவிடும். ஜோனதன் ஸ்டோனும் கிரெய்க் பார்ட்ரிட்ஜும் 2000இல் வெளியிட்ட ஆய்வில், ஈதர்நெட் போன்ற சோதனைகளைத் தாண்டி வந்த பிறகும் 1,100 முதல் 32,000 பாக்கெட்டுக்கு 1 வீதம் டிசிபியின் கூட்டல் சோதனையில் தோற்றது தெரிந்தது. டிரையல் பேலன்ஸ் டேலி ஆனாலே புத்தகம் சுத்தம் என்று அர்த்தமில்லை என்று முதல் செமஸ்டரில் சொல்லித் தருவது இதைத்தான்.

ஆனால் இந்தக் குறையைக் காட்டி கவுன்டரைப் புறக்கணிக்க முடியாது. டேலி ஆனால் சந்தேகம் மிச்சமிருக்கலாம். டேலி ஆகாவிட்டால் தவறு நிச்சயம்!

கேட்க வேண்டிய ஒரே கேள்வி

விண்டோஸில் கருப்புத் திரையைத் திறந்து நெட்ஸ்டாட், ஒரு இடைவெளி, மைனஸ் ஈ என்று அடித்தால் எரர்ஸ் என்று ஒரு வரி வரும். லினக்ஸில் ஈத்டூல் இன்னும் விவரமாக, சிஆர்சி எத்தனை, நீளப் பிழை எத்தனை என்று பிரித்தே சொல்லும். இதில் டிஸ்கார்ட்ஸ் என்று வருவது வேறு. அது நல்ல ஃபிரேம், வைக்க இடமில்லாமல் விட்டது. எரர்ஸ்தான் வயரின் வாக்குமூலம். ஒரு முறை குறித்துக்கொண்டு, ஒரு மணி நேரம் வேலை செய்துவிட்டு, மறுபடி பார்த்தால் போதும்.

எவ்வளவு ஏறினால் தவறு? கிகாபிட் ஈதர்நெட்டின் தரக்கட்டுப்பாடு 1000 கோடி பிட்டுக்கு 1 பிழைக்கு மேல் கூடாது என்கிறது. முழு அளவு ஃபிரேம்களில் கணக்குப் போட்டால் சுமார் 8 லட்சம் ஃபிரேமுக்கு 1 கெட்டது. ஆயிரத்துக்கு ஒன்று ஏறுகிற வயரை "ஓகே" என்று சொல்பவரை என்ன சொல்வது?

கம்ப்யூட்டரின் எண்ணிக்கை, வருகிற ஃபிரேமுக்கு மட்டும்தான். போகிற ஃபிரேம் கெட்டால் அது எதிர்முனை ஸ்விட்சின் ஏட்டில்தான் பதிவாகும். கேஷ் புக் ஒருவரிடம், பாஸ் புக் இன்னொருவரிடம். இரண்டையும் வைத்துப் பார்த்தால்தான் வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் முழுமையாகும். ஆகவே லைன்காரரிடம் கேட்க வேண்டியது ஒன்றே: "அண்ணே, உங்க பக்கத்து போர்ட்ல சிஆர்சி எரர் எவ்ளோ காட்டுது?" படிக்கட்டுக்கு அடியில் அவர் வைத்திருப்பது கவுன்டரைப் பார்க்கவே வழியில்லாத மலிவு ஸ்விட்ச் என்றால், பாஸ் புக்கே கொடுக்காத வங்கி அது. அந்த வங்கியில் யார் பணம் போடுவார்கள்?

லைன்காரப் பையன்கள் மேல் மட்டும் பழி போடுவதும் சரியில்லை. வெயிலில் மாடி மாடியாக ஏறி இறங்கும் அவர்கள் கையில் எட்டு லைட் டெஸ்டரை மட்டும் கொடுத்து அனுப்பியவர்கள் ஏசி ரூமில் இருக்கிறார்கள். கவுன்டர் படிக்கக் கற்றுக்கொடுக்க அரை மணி நேரம் போதும். கனெக்டரை வெட்டிப் புதிதாக அடிக்க ஐந்து நிமிஷம். அதைச் செய்யாமல், ஊர் முழுக்க எத்தனை நல்ல ஹார்ட் டிஸ்க்குகள் அநியாயமாக ஃபார்மட் ஆகியிருக்கின்றன!

ஒரு சின்னச் சிப், தனக்கு வந்ததில் எது கெட்டது என்று மறைக்காமல் எழுதி வைக்கிறது. யாரும் படிக்காவிட்டாலும் எழுதுகிறது. அடுத்த 20ஆம் தேதி பக்கம் சுற்றும்போது, லைட்டைப் பார்க்காமல் அந்த ஏட்டைத் திறந்து பார்த்துவிட்டுப் போனை எடுங்கள். "லைட்டு எரியுதா தம்பி?" என்று கேட்டால், "லைட்டு எரியுதுண்ணே, எரரும் ஏறுது" என்று சொல்லுங்கள். அப்புறம் வைரஸ் என்ற வார்த்தை அந்தப் பக்கத்திலிருந்து வருகிறதா பார்ப்போம்.